பள்ளிக்கரணையைப் படுக்கப்போட்டு நெய்தது

நெய்து முடிந்த சுவர்த்திரைத் துண்டு 24 அங்குல அகலம், 18 அங்குல உயரம். பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலையில் நின்று தை மாதக் காலையில் கிழக்கே பார்த்தால் தெரிகிற, சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம்தான் காட்சி. மேலே 7 அங்குலம் வெளிறிய வானம். அதன் கீழ் ஒன்றரை அங்குலத்துக்கு ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கத்து அடுக்குமாடிகளின் நிழல் வரிசை. அடுத்த 4 அங்குலம் சம்பும் கோரையும். அடியில் ஐந்தரை அங்குலம் தண்ணீர், அதில் நாலைந்து பூநாரை.

டேப்பெஸ்ட்ரி (படம் தெரியும்படி சுவர்த்திரை நெய்வது) நெசவில் ஊடை, அதாவது குறுக்கே ஓடும் நூல், ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஓடுவதில்லை. ஒவ்வொரு நிறமும் தன் எல்லைவரை போய்த் திரும்பிவிடும். பாவு, அதாவது தறியில் நெடுக்காக இழுத்துக் கட்டிய நூல், முழுவதும் ஊடைக்குள் மறைந்துபோகும். இதனால் ஊடையின் போக்கில் கோடு இழுப்பது சுலபம், பாவின் போக்கில் இழுப்பதுதான் தொல்லை. பக்கத்துப் பக்கத்துப் பாவில் இரண்டு நிறம் திரும்பினால் நடுவில் பிளவு விழும். பள்ளிக்கரணைக் காட்சியில் நிமிர்ந்து நிற்பது முழுக்கச் சம்பும் கோரையும்தான். கால் அங்குல அகலத்தில் 40 தாள் என்று வைத்தாலும் இரு பக்கமும் சேர்த்து 80 பிளவு, ஒவ்வொன்றும் 4 அங்குல நீளம். நெய்கிற நேரத்தைவிடத் தைக்கிற நேரம் அதிகமாகிவிடும்.

அதனால் படத்தை 90 பாகை திருப்பி, படுக்கப்போட்டு நெய்தாயிற்று. ஐரோப்பாவின் பெரிய சுவர்த்திரைகளும் பெரும்பாலும் இப்படித்தான் நெய்யப்பட்டன; நிற்கிற மனிதர்களும் தூண்களும் தறியில் படுத்திருப்பார்கள். திருப்பியதும் கோரைத் தாள் ஒவ்வொன்றும் ஒன்பது ஊடை ஓட்டமாகச் (ஊடை ஒருமுறை போவது ஓர் ஓட்டம்) சுருங்கிவிடுகிறது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. காட்சியில் கிடைமட்டமாக இருந்த நீர்விளிம்பும் தொடுவானமும் இப்போது பாவின் போக்கில் 24 அங்குலம் நீண்டு நிற்கின்றன. மாட்டிய பிறகு துண்டின் எடை முழுவதும் ஊடையின் மேல் தொங்கும், அதாவது அந்த நெடுங்கோடுகளின் மேல். அந்த இரண்டு கோட்டை எப்படி இணைத்தோம் என்பதே இந்தப் பதிவில் பெரும்பகுதி.

சட்டம்

முதலில் செய்த சட்டம் 2×1 அங்குல ரீப்பர் கட்டை. பாவு ஏற்றி இழுத்ததும் மேல் குறுக்குக் கட்டை நடுவில் ஏறக்குறைய 5 மி.மீ. வளைந்தது. ஓரத்துப் பாவு வீணைத் தந்திபோல் விறைத்து நிற்க, நடுப்பாவு தொய்ந்து கிடந்தது. 144 இழையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கிலோ இழுவை என்றாலே மொத்தம் ஒன்றரைக் குவிண்டாலுக்குப் பக்கம். அதை ஒரு ரீப்பர் தாங்காது. பாவை அவிழ்த்து, குறுக்குக் கட்டை இரண்டையும் எடுத்துவிட்டு 1 அங்குல ஜி.ஐ. பைப் போட்டதும் வளைவு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்தது. பக்கச் சட்டம் 2×2 அங்குல மரமே போதும், 46 அங்குல நீளம். மேல் பைப் நிலையானது. கீழ் பைப்பை இரு முனையிலும் 10 மி.மீ. த்ரெட் ராடில் தொங்கவிட்டு, கீழே வாஷரும் நட்டும். நட்டைத் திருகினால் பாவு இறுகும். ராடு 8 அங்குலம் இருக்கட்டும். நெய்ய நெய்யப் பாவு நெளிந்து குறுகும்போது கீழ் பைப்பைத் தளர்த்திக் கொடுக்க இடம் வேண்டும்.

பைப்பின் மேல் துத்தநாகப் பூச்சு வழுக்கும், பாவு பக்கவாட்டில் நகரும். துணி ஒட்டுநாடா ஒரு சுற்றுச் சுற்றினால் நின்றுவிடும்.

பாவு

பாவுக்கு முறுக்கேறிய பருத்திக் கயிற்றுநூல், கனம் சுமார் 1 மி.மீ. 10-ஆம் நம்பர் நூலை 8 இழை சேர்த்து முறுக்கியது இந்தக் கனத்துக்கு வரும். வாங்குமுன் சோதிக்க எளிய வழி: ஸ்கேலில் நெருக்கமாகச் சுற்றி ஓர் அங்குலத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணுவது. 24-லிருந்து 26 வந்தால் சரி. காசிமேட்டு வலைக்கடைகளில் கிடைக்கிற நைலான் கயிறு பார்வைக்கு அழகாக இருக்கும், ஆசைப்பட வேண்டாம். நைலான் ரப்பர்போல் இழுபடும். தறியிலிருந்து இறக்கியதும் சுருங்கிக்கொண்டு முழுத்துண்டையும் அலையாக்கிவிடும்.

அங்குலத்துக்கு 8 பாவு. 10 வைத்தால் படம் இன்னும் நுணுக்கமாக வரும் என்பது உண்மைதான். ஆனால் கோரைப் பட்டையில் நிஜக் கோரையைக் கிழித்த ஈர்க்கும் ஊடையாக உள்ளே போக வேண்டும், அதற்கு இடைவெளி தேவை. 18 அங்குலத்துக்கு 144 பாவு. பைப்புக்குப் பைப் 36 அங்குலம், எட்டு வடிவில் சுற்றியது. மொத்தம் சுமார் 135 மீட்டர். 100 கிராம் கண்டு ஒன்றில் முடிந்து மிச்சமும் இருந்தது.

சுற்றும்போது இடமிருந்து வலமாகக் கணக்கு: 1 முதல் 44 வரை தண்ணீர், 45–76 கோரைப் பட்டை, 77–88 கட்டடம், 89–144 வானம். எல்லை மாறும் இடங்களில் சிவப்பு நூல் முடிச்சு. இந்த முடிச்சு இல்லாவிட்டால் மூன்றாம் நாளே கணக்கு தவறும்.

கோரைப் பட்டையின் 32 பாவுக்கு மட்டும் முன்கூட்டியே சாயம் ஏற்ற வேண்டியிருந்தது. பருத்தி ஊடை பாவை முழுக்க மூடும். கோரை வளையாது என்பதால் அதைப் பிடிக்கிற பாவு மேலே புள்ளி புள்ளியாகத் தெரியும். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் கொசு உட்கார்ந்த மாதிரி இருக்கும். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் நல்ல சாம்பல் கறுப்பு கிடைக்கும் என்று முதலில் எண்ணம். ஆனால் இரும்பு காலப்போக்கில் பருத்தியை அரிக்கும், இழுவையில் நிற்கிற பாவுக்கு அது ஆகாது. மாதுளைத் தோல் 200 கிராமை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டி, படிகாரத்தில் ஊறிய நூலை அதில் போட்டு எடுத்ததும் மங்கின பாசிமஞ்சள் கிடைத்தது. காய்ந்த கோரையின் நிறத்தோடு அது ஒட்டிப்போயிற்று.

எட்டு வடிவச் சுற்று இருப்பதால் பாவு தானாகவே முன்னும் பின்னுமாகப் பிரிந்து நிற்கும். ஒன்றரை அங்குலத் தட்டைச் சட்டம் ஒன்றை அந்தப் பிரிவில் செருகினால் ஒரு வாய் (ஊடை நுழைகிற இடைவெளி) தயார். மறு வாய்க்குப் பின்வரிசை 72 பாவுக்கும் விழுது (பாவை முன்னால் இழுக்கும் நூல் வளையம்) கட்ட வேண்டும். பலகையில் இரண்டரை அங்குல இடைவெளியில் இரண்டு ஆணி அடித்து, அதில் சுற்றி முடிச்சுப் போட்டால் எல்லா விழுதும் ஒரே நீளம் வரும். கண்ணளவில் கட்டிய விழுது கதைக்கு உதவாது. ஒன்று நீளம், ஒன்று குட்டை என்றால் வாய் பாதிதான் திறக்கும், அந்தப் பாவில் ஊடை தப்பித் தப்பி ஓடும்.

வரைபடம்

படத்தை 18×24 தாளில் பெரிதாக்கி, திருப்பி, பாவுக்குப் பின்னால் கட்டியது. இங்கே ஒரு தவறு நடந்தது. பட்டர் பேப்பரில் நகலெடுத்ததைத் திருப்புவதற்குப் பதில் புரட்டிவிட்டதால் இடது வலமானது. பெருங்குடிக் குப்பைமேட்டின் மேடு படத்தில் இடது ஓரத்தில் வர வேண்டியது, வலது ஓரத்துக்குப் போய்விட்டது. பள்ளிக்கரணையைத் தெரிந்தவர் யாரும் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். தாளின் முன்பக்க மூலையில் ‘மேல்’ என்று எழுதி வைத்தால், புரட்டியதும் எழுத்து தலைகீழ்க் கண்ணாடிப் பிம்பமாகி எச்சரிக்கும். பாவின் மேல் எல்லையைக் குறிக்கத் தண்ணீரில் கரையாத பேனாதான் வேண்டும். சாதாரண ஸ்கெட்ச் பேனா பிறகு நீராவி காட்டும்போது ஊடைக்குள் கசியும்.

ஊடை

ஊடைக்கு 2/20ஸ் (20-ஆம் நம்பர் நூல் இரண்டைச் சேர்த்து முறுக்கியது) சாய நூல், சிட்டமாக (நூல் கற்றையாக) வாங்கியது. ஒன்பது இழை சேர்த்து ஓர் ஊடை. கனமான ஒற்றை நூலைவிட மெல்லிய நூல் ஒன்பது நல்லது என்பதற்கு இரண்டு காரணம். பருத்தி கம்பளிபோல் நசுங்கிக் கொடுக்காது. பல இழையாக இருந்தால் பாவின் மேல் பரந்து உட்காரும். இரண்டாவது, நிறம் கலக்கலாம். வெளிர் நீலம் 9, சாம்பல் 0 என்று ஆரம்பித்து 7–2, 5–4, 3–6, 0–9 என்று ஐந்து படியில் வானம் தலைக்கு மேலிருந்து தொடுவானம்வரை வெளுத்துக்கொண்டே வரும். இரண்டு நிற நூல் இருந்தால் ஐந்து சாயம் கிடைத்த மாதிரி.

வாங்கிய எல்லா நிறத்தையும் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்ப்பது கட்டாயம். கருநீலமும் கருஞ்சிவப்பும்தான் வழக்கமாகக் காலை வாரும். துணியில் கறை ஏறினால் அந்தச் சிட்டத்தைத் தண்ணீர் தெளியும்வரை அலசிக் காயவைத்த பிறகே எடுக்க வேண்டும். அலசினால் நூலில் இருக்கிற கஞ்சியும் போய்விடும். கஞ்சி இருந்தால் வெள்ளிப்பூச்சி வரும்.

எவ்வளவு நூல் தேவை என்பதை ஊகிக்க வேண்டாம். 4×4 அங்குல மாதிரி ஒன்று நெய்து, முன்னும் பின்னும் கண்டை எடைபோட்டால் தெரிந்துவிடும். இங்கே 10 கிராம் போயிற்று. முழுத்துண்டு அதுபோல் 27 மடங்கு, ஆக 270 கிராம். வெட்டு, மிச்சம், பிரித்து மறுபடி நெய்வது எல்லாம் சேர்த்து 350. மாதிரியிலேயே அங்குலத்துக்குச் சுமார் 36 ஓட்டம் அடங்குவதும் தெரிந்தது. இந்தக் கணக்கு பின்னால் உதவியது.

ஊடையைத் தட்டி இறுக்க, வட இந்தியத் தரி (பருத்தி விரிப்பு) நெசவில் வரும் பஞ்சா என்ற இரும்புச் சீப்பு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கனமான எவர்சில்வர் முள்கரண்டி. பவானி ஜமக்காளத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்பது புரியும். அங்கேயும் தடித்த பருத்தி ஊடை பாவை முழுக்க மூடித்தான் நிற்கிறது. ஆனால் ஜமக்காளத்தில் நிறப்பட்டை கரையிலிருந்து கரைவரை ஓடுவதால் இணைப்பு என்ற பிரச்சினையே எழாது. பட்டை பட்டையாக இருப்பதன் காரணம் அழகு மட்டுமில்லை.

நெய்ய ஆரம்பித்ததும் வந்த முதல் சிக்கல் அகலம். 4 அங்குலம் ஏறியதும் அளந்தால் 18 அங்குலம் பதினேழே காலாகியிருந்தது. ஊடையை நேராக இழுத்துவிட்டதுதான் காரணம். ஊடை ஒவ்வொரு பாவையும் சுற்றி வளைந்து போக வேண்டும், அதற்கு நீளம் கூடுதலாக வேண்டும். வாய்க்குள் ஊடையை வில்போல் வளைத்துவைத்து, நடுவில் விரலால் அழுத்திச் சின்னச் சின்ன வளைவாக்கி, பிறகு தட்டினால் அகலம் நிற்கும். அந்த 4 அங்குலத்தைப் பிரித்தாயிற்று. அதற்குப் பிறகு ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஸ்கேல் வைத்துப் பார்த்ததோடு, இரு கரையையும் இரண்டு அங்குலத்துக்கு ஒருமுறை பக்கச் சட்டத்தோடு நூலால் இழுத்துக் கட்டியது. கட்டு அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. நெசவு சுருங்கினால் கட்டு இறுகுவதை வைத்தே தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான் அதன் வேலை.

வானம்

படுத்த நிலையில் வானத்தின் ஐந்து சாயமும் பாவின் போக்கில் ஐந்து நீளப் பட்டைகளாக நிற்கின்றன. பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே நேர்கோடு வந்தால் அது கொடித்துணிபோல் ஆகிவிடும். அதனால் ஒரு நிறத்தை இன்னொன்றுக்குள் நாக்கு நாக்காக நீட்டித் திரும்ப வைத்தது. பக்கத்துப் பக்கத்து ஊடை இரண்டும் ஒரே வாயில் எதிரும் புதிருமாக வர வேண்டும். இடது கண்டு வலமாக வந்தால் வலது கண்டு இடமாக வந்து சந்திக்க வேண்டும். இந்த ஒழுங்கை ஆரம்பத்திலேயே எல்லாக் கண்டுக்கும் ஏற்படுத்திக்கொண்டால் எல்லை எங்கே நகர்ந்தாலும் வாய் குழம்பாது. தவறினால் ஓர் இடத்தில் இரண்டு ஊடை ஒரே வாயில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தடித்துவிடும்.

நாக்கின் நீளத்தைக் கை தானாகத் தீர்மானிக்க விட்டால் 3, 5, 3, 5 என்று ஒழுங்காகிவிடும், தூரத்திலிருந்து பார்த்தால் ரம்பப் பல். 3, 7, 2, 5, 8, 4, 6 என்று ஒரு வரிசையைத் தாளில் எழுதிச் சட்டத்தில் ஒட்டிவைத்து, அதன்படி திரும்பியது.

கட்டடங்களுக்கு இந்த நயமெல்லாம் வேண்டாம். நிமிர்ந்த கோபுரம் தறியில் படுத்த பட்டை, அரை அங்குலத்துக்கு 18 ஓட்டம். உச்சியில் மட்டும் வானத்தோடு அரை அங்குலப் பிளவு விழும். அதை அப்படியே விட்டது. பிளவின் கூர்மையான நிழல் மொட்டைமாடி விளிம்புக்குப் பொருந்துகிறது.

கோரை

கோரையைத் தனியாகத் தேடி அலைய வேண்டாம். சாதாரணக் கோரைப்பாய் ஒன்றை வாங்கிப் பாவு நூலை அறுத்துப் பிரித்தால் பத்துத் துண்டுக்குப் போதுமான கோரை கிடைக்கும். பிளாஸ்டிக் பாயா என்பதை மட்டும் பார்த்து வாங்க வேண்டும். ஒரு துளித் தண்ணீர் விட்டால் கோரை உறிஞ்சும், பிளாஸ்டிக் உருட்டிவிடும்.

திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் கோரையை ஊறவைத்து நூலளவுக்கு மெல்லியதாகக் கிழித்துப் பருத்திப் பாவில் நெய்கிறார்கள். நல்ல பாய் துணிபோல் மடியும். அந்த மென்மை இங்கே தேவையில்லை. அரை மணி நேரம் ஊறவைத்து, பிளேடால் நுனியைக் கீறி விரலால் இரண்டாகப் பிளந்து, உள்ளே இருக்கிற வெண்மையான சோற்றை (உட்பஞ்சை) வழித்தால் 2–3 மி.மீ. அகல ஈர்க்கு. சோற்றை விட்டுவைத்தால் அது காயும்போது ஈர்க்கு சுருண்டுகொள்ளும். கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை பிடிப்பதும் அதில்தான்.

முதல் முயற்சியில் ஈர ஈர்க்கையே ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாவில் ஏற்றியது. இரண்டு நாளில் காய்ந்ததும் அகலம் குறைந்து, ஈர்க்குக்கும் ஊடைக்கும் நடுவில் சந்து விழுந்தது, லேசாக இழுத்தால் உருவிக்கொண்டு வந்தது. திருத்தம்: கிழித்த ஈர்க்கை முதலில் நிழலில் முழுக்கக் காயவைத்து, அது சுருங்க வேண்டிய அளவு சுருங்கிய பிறகு, நெய்யும்போது ஈரத்துணியில் பத்து நிமிடம் சுற்றிவைத்து வளையும் பதத்துக்கு மட்டும் கொண்டுவருவது. நெய்த மறுநாள் அந்தப் பகுதியை மறுபடி ஒருமுறை தட்டினால் மிச்சச் சந்தும் அடைபடும்.

மூன்று பாவுக்கு மேல், ஒன்றுக்குக் கீழ் என்ற கணக்கில் ஈர்க்கு போகிறது. அடுத்த ஈர்க்கில் பிடிக்கிற பாவு ஒன்று தள்ளி. இப்படி மாற்றாவிட்டால் புள்ளிகள் எல்லாம் ஒரே வரியில் நின்று தையல்போலத் தெரியும். ஈர்க்கை ஒருபோதும் மடித்துத் திருப்பக் கூடாது, மடிப்பில் உடையும். ஒவ்வொன்றும் தனித் துண்டு, முன்பக்கம் தெரிவது 4 முதல் 6 அங்குலம். அடிமுனை நீர்விளிம்பில் பின்பக்கம் போய் ஓர் அங்குலம் மிச்சமாகத் தங்கும். மேல்முனை கோரைப் பட்டையைத் தாண்டி 77-ஆம் பாவுக்கு அப்பால், கட்டடங்களின் மேலே விருப்பப்படி நீண்டு நிற்கும். மாட்டியதும் அதுதான் கட்டடங்களுக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கிற கோரை. கோரையைக் கோரையாலேயே காட்ட முடிந்தது படுக்கப்போட்டதால்தான். நிமிர்த்தி நெய்திருந்தால் ஈர்க்கைப் பாவாக்க வேண்டும், அது இழுவை தாங்காது.

ஈர்க்கு ஒன்று மூன்று ஊடை ஓட்டத்தின் உயரம் பிடிக்கும். கோரைப் பட்டை மட்டும் வேகமாக ஏறி, தண்ணீரும் வானமும் பள்ளமாகப் பின்தங்கும். ஒவ்வோர் ஈர்க்குக்கும் மற்ற இடங்களில் மூன்று ஓட்டம் சேர்த்து நிரப்பி, அங்குலத்துக்கு ஒருமுறை நீள ஸ்கேல் வைத்து விளிம்பு மட்டமா என்று பார்க்க வேண்டும். ஈர்க்குக்கும் ஈர்க்குக்கும் நடுவே குறைந்தது 4 ஓட்டம் பருத்தி. அதைக் குறைத்தால் பிடிப்பு இருக்காது.

கோரைப் பட்டைக்கும் கட்டடத்துக்கும் நடுவே இருக்கிற நெடுங்கோட்டைத் தனியாகக் கவனிக்க வேண்டியதே வரவில்லை. ஈர்க்குகள் அதைக் கடந்து தைத்ததுபோல் பிடித்துக்கொண்டன. பருத்தியையும் வானத்தைப்போல நாக்கு விட்டு நெய்ததால் பிளவு எங்கும் விழவில்லை.

தண்ணீரும் நீர்விளிம்பும்

தண்ணீரின் சிற்றலை காட்சியில் கிடைக்கோடு, தறியில் அது பாவின் போக்கில் ஓடும் மெல்லிய கோடு. இதற்கென்றே ஒரு பழைய உத்தி உண்டு. இரண்டு நிறத்தை ஓட்டத்துக்கு ஓட்டம் மாற்றி விட்டால் ஒரு பாவுக்கு ஒரு நிறம் என்று நூலளவு கோடுகள் தானாக விழும். வெளிர் சாம்பலும் சேற்றுப் பச்சையும் அப்படி மாறி மாறி ஓடின. ஒரே நிறத்தை அடுத்தடுத்து இரண்டு ஓட்டம் விட்டால் கோடுகள் இடம் மாறிக்கொள்ளும். 6 ஓட்டத்துக்கு ஒருமுறை இப்படி மாற்றியதும் தண்ணீர் மினுங்க ஆரம்பித்தது. கரையோரம் இரண்டு நிறமும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் கடைசிப் பாவு ஓட்டத்துக்கு ஓட்டம் அம்மணமாக நிற்கும்.

44-க்கும் 45-க்கும் நடுவே இருக்கிற நீர்விளிம்புதான் கடினமான இடம். மூன்று வழி இருந்தது. பிளவு விட்டுப் பிறகு தைப்பது: 24 அங்குலத் தையலில் முழு எடையும் தொங்கும், வேண்டாம். இரண்டு நிறமும் ஒரே பாவைப் பகிர்ந்து சுற்றுவது: அந்தப் பாவில் மட்டும் இரட்டிப்பு ஊடை ஏறி, இரண்டு அங்குலத்துக்குள் மேடு தட்டும். மிச்சம் இருப்பது கோர்வை. காஞ்சிபுரம் பட்டில் உடலும் கரையும் சேருகிற இடத்தில் இரண்டு ஊடையும் ஒன்றையொன்று கொக்கி போட்டுத் திரும்புகிறதே, அதுதான். இரு கரையும் கோர்வை என்றால் மூன்று நாடா (ஊடையைக் கொண்டுபோகும் ஓடம்) வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னொருவரும் வேண்டும். மகாராஷ்டிரத்துப் பைத்தானி முந்தியில் கிளியும் மயிலும் இதே கொக்கியில்தான் உருவாகின்றன. முட்டுக்காடு தக்ஷிணசித்ராவில் காஞ்சிபுரத்து நெசவாளர் வீடு இருக்கிறது. ஆனால் கோர்வையைப் புரிந்துகொள்ள வீட்டுப் பீரோவில் இருக்கிற பழைய பட்டுப்புடவையின் கரையைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்தாலும் போதும்.

கொக்கி போட ஒரு நிபந்தனை: இரண்டு ஊடையும் ஒரே வாயில் விளிம்புக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். ஒற்றை நிறத் தண்ணீரில் இது தானாக நடக்கும். மாற்று ஓட்டத்தில் நடக்கவில்லை. ஒவ்வொரு திரும்பலுக்கும் கோர்வை போட முயன்ற முதல் இரண்டு அங்குலம் முடிச்சுக் குவியலானது, ஏனென்றால் ஒரு நிறம் விளிம்புக்கு வரும்போது கோரைப் பக்கத்து ஊடை விலகிப் போய்க்கொண்டிருந்தது. தாளில் ஓட்டத்தை எழுதிப் பார்த்ததும் வழி தெரிந்தது. இடக் கரையில் தொடங்கும் 6 ஓட்டத்தில், ஆறாவது ஓட்டம் விளிம்புக்கு வந்து நிற்கும். நிறம் இடம் மாற அதே ஊடைதான் அடுத்த ஓட்டமாகத் திரும்பும். அந்தத் திரும்பலில் கொக்கி போடலாம். அடுத்த ஆறில் மாற்றம் இடக் கரையில் நடக்கும். ஆக 12 ஓட்டத்துக்கு ஒரு கொக்கி, அங்குலத்துக்கு மூன்று. நடுவே விழுகிற பிளவு மூன்றில் ஒரு பங்கு அங்குலம்தான், கோரையின் அடிமுனைகள் அதை மறைத்துவிட்டன. கொக்கியை இறுக்கி இழுத்தால் 44-ஆம் பாவும் 45-ஆம் பாவும் ஒட்டிக்கொண்டு, பக்கத்தில் சந்து திறக்கும். கொக்கி சரியாக இரண்டு பாவுக்கும் நடுவில் உட்காரும் அளவு தளர்வு வேண்டும்.

பூநாரைக்கு 8 பாவுக் கணக்கில் வளைந்த கழுத்தெல்லாம் கிடைக்காது. இளஞ்சிவப்பில் இரண்டு பாவு, ஆறு ஓட்டம், அதோடு சரி. கால் மட்டும் முக்கியம்: மூன்று பாவுக்கு இரண்டு ஓட்டம். ஒரே ஓட்டம் விட்டால் கோடு விழாது, புள்ளிதான் விழும்.

மழையும் ஏசியும்

முறுக்கு நூல் ஈரக் காற்றில் சற்றே குறுகும், வறண்ட காற்றில் தொய்யும். ஐப்பசி அடைமழையில் காலையில் பாவு கல்போல இருந்தது; ஏசி ஓடிய அறைக்கு மாற்றியதும் மாலையில் தளர்ந்தது. இப்படி இறுகியும் தளர்ந்தும் நெய்தால் அங்குலத்துக்கு 36 ஓட்டம் என்பது ஒரு நாள் 32, ஒரு நாள் 40 ஆகும், பட்டை பட்டையாகக் கண்ணுக்குத் தெரியும். ஒரே அறை, தினமும் உட்காருமுன் நட்டைக் கால் சுற்று முன்னே பின்னே திருகி, பாவை விரலால் தட்டிப் பார்த்துச் சரிசெய்வது போதுமானதாக இருந்தது. நெய்கிற வேகம் அங்குலத்துக்கு ஐந்தாறு மணி நேரம்.

இறக்கிய பிறகு

இரு முனையிலும் ஓர் அங்குலம் வெறும் பருத்தி நெய்து, மடிக்க விட்டிருந்தது. அறுக்குமுன் நட்டை இரண்டு நாள் தளர்த்திவைத்தால் துண்டு மெதுவாக இளகும். விறைப்பில் வெட்டினால் ஒரே பக்கம் சுருளும். பாவு முனைகளை இரண்டிரண்டாக முடிந்து, பின்பக்கம் மடித்துத் தைத்து, ஈரத்துணி போட்டு நீராவி மட்டும் காட்டியது. இஸ்திரிப் பெட்டியைக் கோரையின் மேல் அழுத்தினால் ஈர்க்கு நசுங்கிப் பிளக்கும்.

பின்பக்கத் துணி காடா (வெளுக்காத பருத்தித் துணி). முதலில் நனைத்துக் காயவைத்த காடா என்பதை இரண்டு முறை சொல்லலாம். நனைக்காத காடா முதல் மழைக்காலத்திலேயே சுருங்கி, முன்பக்கத்தைக் கொப்புளிக்க வைக்கும். மேல் ஓரத்தில் 24 அங்குலத்துக்கும் வெல்க்ரோ, மறுபாதி மரச்சட்டத்தில் அடித்தது. எடை ஊடையில் தொங்குவதால் மேலே இரண்டு கொக்கியில் மாட்டுவது இந்தத் துண்டுக்கு ஒத்துவராது. நீளம் முழுக்கத் தாங்க வேண்டும். காடாவை நீர்விளிம்பின் பின்னால் 3 அங்குலத்துக்கு ஒரு தையல் வைத்துத் துண்டோடு பிடித்தது.

மாட்டி மூன்று வாரம் கழித்து அளந்தபோது உயரம் 18 அங்குலத்துக்கு மேல் 3 மி.மீ. கூடியிருந்தது. கூடியது அத்தனையும் வானத்தில்தான், இரண்டாவது மூன்றாவது சாயம் சேருகிற இடத்தில். நாக்கு குட்டையாக விழுந்த மூன்று இடங்களில் சந்து தெரிந்தது. நீர்விளிம்பு அசையவில்லை. சந்துகளைச் சாம்பல் நிறத் தையல் நூலால் பின்பக்கத்திலிருந்து, நாலு ஓட்டத்துக்கு ஒரு தையல் என்று பிடித்தாயிற்று. ஏசி அறையில் கோரை இன்னும் கொஞ்சம் காய்ந்து, இரண்டு ஈர்க்கு தளர்ந்தன. பின்னால் விட்டிருந்த ஓர் அங்குல மிச்சத்தைப் பிடித்து இழுத்து, பாவு நூலில் ஒரு முடிச்சு.